வளராத கிருமியும் தீராத நீர்க்கடுப்பும்: பாம்பன் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கிருமித்தொற்று இல்லாமலே வரும் சிறுநீர்ப்பை வலி நோய் பற்றியது இது. இதில் வரும் பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க வயதையும் குடும்ப விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் நடந்தபடியே உள்ளன. பொது மருத்துவர்கள், செவிலியர்கள், கிராம சுகாதாரப் பணியாளர்கள், இதே தொல்லையோடு அலையும் பெண்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது.

பின்னணி

40 வயதை ஒட்டிய பெண். பாம்பன் தீவுக்காரர். திருமணமான நாளிலிருந்து கடல்பாசி எடுக்கும் வேலை. மரிக்கொழுந்துப் பாசிக்கும் கட்டக்கோரைக்கும் வத்தை என்ற சிறு படகில் போய், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுப்பார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் கரையேற அனுமதி கிடையாது. காலையில் கிளம்பினால் திரும்பும்வரை கடல்தான், இல்லையென்றால் வத்தைதான். ஒதுங்க இடமில்லை என்பதால் போகும் நாட்களில் முந்தைய இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவது அங்குள்ள பெண்களின் வழக்கம். குடிதண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊரில் அந்தச் சிக்கனம் மற்ற நாட்களிலும் தொடர்வதுண்டு.

இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். குடும்பக்கட்டுப்பாடு ஆகிவிட்டது. மாதவிலக்கு ஒழுங்கு. வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். வீட்டில் மைத்துனருக்குக் காசநோய் வந்து ஆறு மாத மாத்திரை முடித்திருந்தார். இந்தக் கடைசித் தகவலை அவராகச் சொல்லவில்லை, கேட்டபோதுதான் சொன்னார்.

தொல்லை தொடங்கி மூன்றாண்டு ஆகியிருந்தது. முதல் தடவை எரிச்சலும் கடுப்பும் வந்தபோது மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கினார், இரண்டு நாளில் குறைந்தது. ஒன்றரை மாதம் கழித்து மறுபடி வந்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை.

கொண்டுவந்த மஞ்சப்பை

2023 தொடக்கத்தில் எங்கள் சிறிய கிளினிக்குக்கு வந்தபோது ஒரு மஞ்சப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். நார்ஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின், செஃபிக்சிம் என்று தீர்ந்த அட்டைகள். சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் சிட்ரேட் சிரப் பாட்டில்கள். சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் டால்டெரோடின் அட்டை ஒன்று, பாதியில் நின்றது. அதைத் தின்றால் நாக்கு வறண்டதே தவிர வேறொன்றும் ஆகவில்லையாம். மூன்று ஸ்கேன் முடிவுகள். சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டுகள் பல, அவற்றில் ஒன்றில் சீழ் அணுக்கள் 8 முதல் 10. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையை அந்த மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு முறைதான் செய்திருந்தார்கள். முடிவு, கிருமி வளரவில்லை.

அந்த ஒரு சீட்டும் மற்றவையும் சேர்ந்து ஒரு கேள்வியை எழுப்பின. கிருமி இல்லாத இடத்தில் கிருமிக்கொல்லி எப்படி இரண்டு நாளில் குணம் காட்டியது? மாத்திரையோடு கூடவே சிரப் குடித்தார், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னதால் குடித்தார், கடலுக்குப் போகாமல் வீட்டிலிருந்தார். இந்த மூன்றில் எதுவுமே போதும், எரிச்சல் தணிய. இந்த நோய்க்குத் தானாகவே ஏறி இறங்கும் குணமும் உண்டு. ஏறியபோது மாத்திரை, இறங்கியபோது பெயர் மாத்திரைக்கு.

மூன்றாவது ஸ்கேனில் கர்ப்பப்பையில் 2 செ.மீ. கட்டி ஒன்று தெரிந்திருந்தது. ஒரு இடத்தில் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லிச் செலவுக் கணக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "அவுக சொல்றாக, எடுத்துட்டா எல்லாம் சரியாப் போகும்னு. எடுத்துரவா டாக்டரம்மா?" அவர் வந்ததே இந்தக் கேள்விக்குப் பதில் கேட்கத்தான்.

அவர் சொன்னதும் பார்த்ததும்

வலி எங்கே என்றதும் தொப்புளுக்குக் கீழே, இடுப்பின் முன்பக்க எலும்பான மேட்டெலும்புக்குச் சற்று மேலே கையை வைத்தார். எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கேட்டேன்.

"பை நெறைய நெறைய உள்ள கல்ல வச்சு அழுத்துற மாதிரி. போயிட்டு வந்தா கால் மணி நேரம் நல்லாருக்கும். அப்புறம் மறுபடி ஆரம்பிச்சிரும்."

நிறைந்தால் வலி, காலியானால் தணிவு. கிருமித்தொற்றில் பெரும்பாலும் போகும்போதும் முடியும்போதும் எரியும். இவருக்குப் போகும்போது எரிச்சல் பெரிதாக இல்லை, போவதற்கு முன்புதான் வேதனை. சிறுநீர் கசிவதில்லை. கசிந்துவிடும் என்ற பயத்தில் ஓடுகிறவர்கள் உண்டு. இவர் ஓடியது வலிக்குப் பயந்து. அந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் டால்டெரோடின் வேலை செய்யாததில் வியப்பில்லை.

கடலில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில் நான் நினைத்திராதது. "கடலுக்குள்ள எறங்கிட்டா ஒண்ணுமே தெரியாது. வந்தா அங்கேயே போயிரலாம்ல. பஸ்ஸுலதான் செத்துப்போறேன்." ராமநாதபுரம் போய்வரும் பஸ்ஸைத் தவிர்க்க உறவுக்காரர் கல்யாணத்துக்கே போகாமல் இருந்திருக்கிறார். வேலை கடினம், அதனால்தான் நோய் என்று முடிவுகட்டுவது சுலபம். இவருக்கு வேலையிடம்தான் வசதியாக இருந்தது.

தாம்பத்தியம் பற்றி நேரடியாகக் கேட்டேன். வலிக்கிறது, ஒரு வருடமாக விலகியே இருக்கிறார், கணவர் கோபித்துக்கொள்கிறார். இதை யாரும் இதுவரை கேட்கவில்லை.

பரிசோதனையில் காய்ச்சல் இல்லை. மேட்டெலும்புக்கு மேல் தொட்டால் வலி. உள்பரிசோதனையில் யோனியின் முன்சுவரை, அதாவது சிறுநீர்ப்பை ஒட்டியிருக்கும் பக்கத்தை, மெல்ல அழுத்தியதும் "அதான், அந்த வலிதான்" என்றார். சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசைகள் இரண்டு பக்கமும் இறுகி, தொட்டால் வலித்தன. வெள்ளைப்படுதல், புண், இறக்கம் எதுவுமில்லை.

ஒரு நோட்டும் ஒரு பாட்டிலும்

மூன்று நாள் சிறுநீர்க் கணக்கு எழுதி வரச் சொன்னேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு, வலி பத்துக்கு எத்தனை, என்ன குடித்தார். அவருக்கு எழுத வராது, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் எழுதினாள். ஒரு தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிவிட்டு, 50 மில்லிக்கு ஒரு கோடாக நகப்பாலிஷால் அவளே குறி போட்டிருந்தாள்.

வீட்டிலிருந்த நாளில் 21 முறை, இரவில் மட்டும் 5. ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 50 முதல் 80 மில்லி. அதிகபட்சம் விடியற்காலையில் 150. மொத்தம் 1,400 மில்லி. இந்த மொத்தம் முக்கியம். சர்க்கரை நோயிலோ அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதாலோ அடிக்கடி போகிறவர்களுக்கு மொத்த அளவே கூடியிருக்கும். இங்கே மொத்தம் சாதாரணம், துண்டு துண்டாகப் போகிறது. வலியில்லாத பெண் சராசரியாக ஒரு தடவைக்கு 200 முதல் 300 மில்லி போவார், பகலில் ஏழெட்டு முறைக்குள் முடியும்.

கடலுக்குப் போன நாளின் பக்கத்தில் காலை 7 முதல் மதியம்வரை அளவுக் கட்டத்தில் 'கடல்', 'கடல்' என்று மட்டும் எழுதியிருந்தாள். வேறென்ன எழுத முடியும். அந்த நாளின் மொத்தத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அன்று மாலை 4 மணிக்கு வலி 8 என்று இருந்தது, மூன்று நாளில் அதுதான் உச்சம். காலையிலிருந்து தண்ணீர் இல்லாமல் சிறுநீர் அடர்ந்துபோனதும், திரும்பி வந்ததும் குடித்த இரண்டு கிளாஸ் டீயும் அந்தப் பக்கத்திலேயே இருந்தன.

விலக்க வேண்டியவை

சிறுநீர்ப்பை வலி நோய், அல்லது பழைய பெயரில் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ், ரத்தத்திலோ ஸ்கேனிலோ தெரியாது. இதுதான் என்று காட்டும் ஒற்றைப் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை. அமெரிக்கச் சிறுநீரக மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, சிறுநீர்ப்பையோடு தொடர்புள்ளதாக உணரப்படும் வலியோ அழுத்தமோ ஆறு வாரத்துக்கு மேல் சிறுநீர்த் தொந்தரவுகளோடு இருந்து, தொற்றோ வேறு காரணமோ இல்லாதிருந்தால் இந்த நோய் என்று கொள்ளலாம். 1987இல் ஆராய்ச்சிக்கென்று வகுத்த கடுமையான விதிகளை அப்படியே நோயாளிகளுக்கும் வைத்துப் பார்த்ததில் வெகுகாலம் பல பெண்கள் கணக்கில் வராமலே போனார்கள். இப்போதைய வரையறை தளர்வானது. அதனாலேயே 'வேறு காரணம் இல்லை' என்ற பகுதியில் அவசரப்படக் கூடாது என்பது என் கருத்து.

சர்க்கரை சரி, சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினினும் சரி. சிறுநீர் கழித்தபின் பையில் மிஞ்சியது 20 மில்லி, அடைப்பு இல்லை. சிறுநீர்க்குழாயின் கீழ்முனையில் கல் இருந்தாலும் இதே மாதிரிக் கடுப்பு வரும், அதற்காக ஸ்கேனை அந்த இடம் பார்த்து மறுபடி எடுத்தோம், கல் இல்லை. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை சரி. மாதவிலக்கின்போது மட்டும் வரும் வலி அல்ல என்பதாலும் உள்பரிசோதனையில் முடிச்சுகள் தட்டுப்படாததாலும் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்படலம் போன்றது வெளியே வளரும் நோய், பின்னுக்குப் போனது. நடுச்சிறுநீரில் எடுத்த புதிய வளர்ப்புச் சோதனையிலும் கிருமி இல்லை. சிவப்பணுக்களும் இல்லை. சீழ் அணுக்கள் மட்டும் 6 முதல் 8.

காசநோயைப் பார்த்துவிட்டுத்தான்

சீழ் அணு இருக்கிறது, சாதாரண வளர்ப்பில் ஒன்றும் வளரவில்லை என்றால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது சிறுநீரகப் பாதைக் காசநோய். சாதாரணச் சோதனைத் தட்டில் அந்தக் கிருமி வளராது. வீட்டில் ஒருவருக்கு வந்ததும் சந்தேகத்தைக் கூட்டியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆஃப்லாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அரைகுறையாக அடக்கினால் நோய் மறையாது, சோதனையில் மட்டும் மறைந்துவிடும். அதனால் எல்லாக் கிருமிக்கொல்லிகளையும் நிறுத்தினோம்.

அடுத்தடுத்த மூன்று நாட்கள் விடிகாலை முதல் சிறுநீர். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை அரசின் காசநோய்த் திட்டத்தில் இலவசம், அதற்கு அனுப்பினோம். வளர்ப்புக்கும் போனது, அதன் முடிவு வர ஆறு வாரம். மார்பு எக்ஸ்ரே சரி. ஸ்கேனில் சிறுநீரகங்களும் குழாய்களும் வீங்கவில்லை.

அந்த ஆறு வாரம் அவருக்குப் பொறுமை சோதித்த காலம். வலிக்குப் பாராசிட்டமால், சிட்ரேட் சிரப், வெந்நீர் ஒத்தடம். அவ்வளவுதான். "ஒரு ஊசியாவது போடக்கூடாதா" என்று மாமியார் வந்து கேட்டார். ஏன் போடவில்லை என்பதை அவருக்கும் சொன்னோம். மார்ச் கடைசியில் இரண்டு முடிவுகளும் வந்தன, காசநோய் இல்லை.

கர்ப்பப்பை

2 செ.மீ. கட்டி, அதிக உதிரப்போக்கு இல்லை, ரத்தசோகை இல்லை. சிறுநீர்ப்பையை அழுத்தும் இடத்திலும் இல்லை. எடுக்கக் காரணமே இல்லை. எடுத்தாலும் சிறுநீர்ப்பை வலி போகாது, சிலருக்கு இடுப்புத் தசை வலி கூடுவதும் உண்டு. வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கணவர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றே அவரிடம் நோயின் பெயரையும் சொன்னேன். இது தொற்று இல்லை, அவருக்கு ஒட்டாது, மனைவி சாக்குச் சொல்லவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் அன்றைக்கு அதிகம் தேவைப்பட்டது.

சிகிச்சை, தடைக்காலத்தில்

வழக்கமாக முதலில் யோசிக்கும் மாத்திரைகளில் ஒன்று அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கான பழைய மருந்து, குறைந்த அளவில் நரம்புவழி வலியைத் தணிக்கும், சிறுநீர்ப்பையின் துடிப்பையும் அடக்கும். ஆனால் முதல் சில வாரம் தூக்கம் தள்ளும். விடியற்காலை எழுந்து கடலில் முங்குகிறவருக்கு அந்த மயக்கம் ஆபத்து. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அவர் ஊரில் அந்த நாட்களில் பாசிக்குப் போவதையும் குறைத்துக்கொள்வார்கள். எனவே மாத்திரையை ஏப்ரல் நடுவில் இரவு 10 மி.கி. என்று தொடங்கி, மே மாதத்தில் 25 ஆக்கினோம். கடல் திறப்பதற்குள் உடம்பு பழகிவிட்டது. 50 மி.கி. வரை தாங்கியவர்களுக்கு நல்ல பலன் என்று ஆய்வு உண்டு. இவருக்கு 25க்கு மேல் போனால் காலையில் தலை தூக்க முடியவில்லை, அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

சாப்பாட்டில் முதல் இரண்டு வாரம் டீ, காப்பி, தக்காளி, எலுமிச்சை, ஊறுகாய், புளிக்குழம்பு, பச்சைமிளகாய், புகையிலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். மீனைத் தேங்காய்ப்பாலில் சொதியாக வைத்துச் சாப்பிட்டார். பிறகு மூன்று நாளைக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்தார், மகள் நோட்டில் எழுதினாள். டீயும் தக்காளியும் வலியைக் கிளப்பின. புளி ஒன்றும் செய்யவில்லை. மிளகாய் பற்றி நோட்டில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. ஆயுளுக்கும் பத்தியம் என்று பட்டியலை நீட்டியிருந்தால் அவர் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் விட்டிருப்பார். புளிக்குழம்பு திரும்பக் கிடைத்ததால்தான் டீயை விட்டுக்கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

தண்ணீரை முந்தைய இரவே குறைக்காமல், வத்தையில் ஏறும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னோம். கடலுக்குள் தடையில்லை என்பது அவர் சொன்னதுதானே.

இடுப்படித் தசையை இறுக்கும் பயிற்சியை யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை நிறுத்தினோம். ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலிதான் கூடும். பதிலாக வயிற்றால் மூச்சிழுத்துத் தசையைத் தளர்த்துவது, குத்தவைத்து உட்கார்ந்து தளர்த்துவது.

வலி குறையத் தொடங்கிய பிறகு, போக வேண்டும் என்று தோன்றியதும் ஓடாமல் ஐந்து நிமிடம் தள்ளிப்போடுவது. வலி கடுமையாக இருந்தபோது இதைச் செய்யச் சொல்லவில்லை.

மதுரைப் பயணம்

ஆகஸ்ட்டில் வலி பாதியாகியிருந்தது, இருந்தும் மதுரைக்கு ஒரு சிறுநீரக அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். இரண்டு காரணங்கள். அவர் புகையிலை போடுபவர், புற்றுநோய் இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்தது, 1915இல் பால்டிமோரில் கை ஹன்னர் (Guy Hunner) என்ற மருத்துவர் விவரித்த புண் இருக்கிறதா என்று பார்ப்பது. இந்த நோய்க்காரர்களில் சிறுபான்மையினருக்கே அந்தப் புண் இருக்கும். இருந்தால் வழியே வேறு, அதைச் சுட்டோ அதில் ஸ்டீராய்டு ஊசி போட்டோ சரிப்படுத்தலாம். சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியில்தான் அது தெரியும்.

போகும் வழிதான் பிரச்சனை. பஸ்ஸுக்கு ஒப்பவில்லை. ரயிலில் கழிப்பறை உண்டு, ஆனால் 2022 டிசம்பரிலிருந்து பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றிருந்தது, தீவுக்குள் ரயில் வரவில்லை. ஒரு ஆட்டோவைப் பேசி, நடுவில் நிறுத்தி நிறுத்தி ராமநாதபுரம் போய், அங்கிருந்து ரயிலேறினார்கள்.

மயக்கம் கொடுத்துப் பார்த்ததில் புண் இல்லை, கட்டி இல்லை. பையை நீரால் நிரப்பி வடித்தபோது சிறு ரத்தப்புள்ளிகள் தெரிந்தன. ஒரு காலத்தில் இவற்றையே அடையாளமாக வைத்திருந்தார்கள். வலியே இல்லாத பெண்களுக்கும் இவை தெரிவதால் இப்போது அதற்குப் பெரிய மதிப்பில்லை. எனக்குப் பயன்பட்ட வரி வேறு. மயக்கத்தில் அவர் பை 700 மில்லி வரை கொண்டது. விழித்திருக்கையில் 150க்கு மேல் தாங்காத பை அது. காசநோயில் தழும்பேறிச் சுருங்கிய பை மயக்கத்திலும் விரியாது. இவருடைய பை சுருங்கவில்லை, வலிதான் அதைச் சின்னதாக்கியிருந்தது. முன்பு விலக்கிய காசநோய்க்கு இது இன்னொரு சாட்சி.

பைக்குள் மருந்து செலுத்தும் சிகிச்சையை மதுரையில் பேசினார்கள். பலமுறை போய்வர வேண்டும், ஏற்கெனவே முன்னேற்றம் இருக்கிறது என்பதால் ஒத்திவைத்தோம். இந்த நோய்க்குத் தரும் பென்டோசான் மாத்திரையைத் தொடவில்லை, விலையும் ஒரு காரணம், நீண்டநாள் எடுத்தவர்களுக்கு விழித்திரை பாதிப்பு வந்ததும் ஒரு காரணம்.

விளைவு

2024 பிப்ரவரியில் மறுபடி மூன்று நாள் கணக்கு. வீட்டு நாளில் 11 முறை, இரவில் 2. அதிகபட்சம் 270 மில்லி. உச்ச வலி 8லிருந்து 3. இடையில் ஒரு கிருமிக்கொல்லி மாத்திரைகூட எடுக்கவில்லை. தாம்பத்தியம் திரும்பியிருக்கிறது, எப்போதும் வலியில்லாமல் இல்லை.

முழுக் குணம் என்று எழுத முடியாது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கூடுகிறது. ஒரு திருவிழாவுக்கு மாத்திரையைப் பத்து நாள் விட்டுவிட்டு, டீயும் குடித்ததில் பழைய நிலைக்கே போய், திரும்ப மூன்று வாரம் ஆனது. புகையிலையைக் குறைத்திருக்கிறார், விடவில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்து ரயில் தீவுக்குள் வந்ததும் சொந்தக்காரர் விசேஷங்களுக்கு மதுரை போய்வரத் தொடங்கினார். பஸ் இன்னும் பயம்தான்.

கிளினிக்கில் மாறியவை

இப்போது சிறுநீர்க் கடுப்பென்று திரும்பத் திரும்ப வருகிற யாருக்கும் முதல் நாளே கணக்குத் தாளும் அளவுக் கோப்பையும் கொடுத்தனுப்புகிறோம். எழுதத் தெரியாதவர்களுக்காகச் சூரியன், நிலா படம் போட்டு, அளவுக்குக் கட்டம் நிரப்புவதுபோல ஒரு தாள் தயாரித்திருக்கிறோம். அதில் 'கடல்' என்று ஒரு கட்டமும் உண்டு. கிருமிக்கொல்லி எழுதுவதற்கு முன் வளர்ப்புக்கு மாதிரி எடுத்துவிடுகிறோம். சீழ் அணு இருந்து கிருமி வளராவிட்டால் காசநோய்ச் சோதனை தானாகவே போகும், தனியாக யோசிப்பதில்லை. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் கொண்டுவரச் சொல்கிறோம், தீர்ந்த அட்டைகள் உட்பட. இடுப்புத் தசைகளுக்கான இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) தெரிந்தவர் இந்தக் கரையில் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இவர் சொல்லி, அதே வத்தையில் போகும் இன்னொரு பெண் சில மாதம் கழித்து வந்தார். தனக்கும் அதே நோய்தான் என்று உறுதியாக நம்பி, டீயைக்கூட நிறுத்தியிருந்தார். அவருக்குப் போகும்போதுதான் எரிச்சல், ஒரு வாரமாகத்தான். வளர்ப்பில் ஈ.கோலி என்ற கிருமி வந்தது. நைட்ரோஃபுரான்டாயின் என்ற கிருமிக்கொல்லி ஐந்து நாள், சரியாகிவிட்டது. டீயைத் திரும்பக் குடிக்கச் சொன்னேன்.